காது யார் பக்கம்? குதிரையையும் அதன் ஆளையும் படமெடுப்பது பற்றி

ஜனவரி 6, ஒரு வாசகரின் கேள்வி

"என் தோழியும் அவள் குதிரையும் நெற்றியோடு நெற்றி வைத்து நிற்கும் படத்தைப் போட்டிருந்தேன். மாலை வெயில், பின்னால் புல்வெளி, அவள் கண்ணை மூடியிருக்கிறாள். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். குதிரையோடு நெடுநாள் பழகிய ஒருவர் மட்டும் 'படம் அழகு, ஆனால் குதிரை அங்கே இல்லையே' என்று எழுதிவிட்டுப் போனார். என்ன சொல்ல வருகிறார்? குதிரைக்கும் மனிதருக்கும் உள்ள ஒட்டுதலைக் காட்ட இதைவிட வேறு என்ன செய்வது?"

ஜனவரி 6, இரவு

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் தோழியின் முகத்தில் அன்பு தெரிகிறது, அதில் சந்தேகமே இல்லை. குதிரையின் காதுகளைப் பாருங்கள். இரண்டும் படத்தின் வலது ஓரத்தை நோக்கி விறைத்து நிற்கின்றன. அந்தப் பக்கம் யாரோ சத்தம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது வேறொரு குதிரை போயிருக்க வேண்டும். உடல் இங்கே நிற்கிறது, கவனம் அங்கே போய்விட்டது. "குதிரை அங்கே இல்லை" என்று அவர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரிக்குப் பார்வை உண்டு. தெரியாத இடம் முக்கியமாக இரண்டு. ஒன்று வாலுக்கு நேர் பின்னால். மற்றது நெற்றிக்கு நேர் முன்னால், மிக அருகில். பாசத்தின் உச்சம் என்று நாம் நெற்றியைக் கொண்டுபோய் வைக்கிறோமே, அங்கே நாம் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அந்த நிலையே பொய் என்று சொல்ல மாட்டேன். பார்க்க முடியாத இடத்தில் ஒருவரை நிற்கவிடுவது நம்பிக்கையாலும் இருக்கலாம், வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்வதாலும் இருக்கலாம். எது என்று நெற்றி சொல்லாது. காதும் இமையும் மூக்குத் துவாரமும் உதடும் கழுத்தின் இறுக்கமும்தான் சொல்லும்.

நான் முதலில் பார்ப்பது காதை. குதிரையின் காது 180 டிகிரி வரை திரும்பும், அதுவும் ஒவ்வொன்றும் தனித்தனியாக. கவனம் போகும் இடத்துக்குக் காதும் போகும். ஒரு காதாவது பக்கத்தில் நிற்பவர் பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இல்லையென்றால் ஒருவர்தான்.

ஜனவரி 7

காலையில் பார்த்தால் இதற்கு நிறைய எதிர்ப்பு. முக்கியமானது இது: "காது முன்னால் நிமிர்ந்து நின்றால்தான் குதிரை அழகு. அதற்காகத்தான் கேமராவுக்குப் பின்னால் ஒருவரை நிறுத்திப் பையைச் சலசலக்க வைக்கிறோம்."

குதிரையை மட்டும் தனியாக எடுக்கும்போது செய்யுங்கள். விற்பனைக்கோ போட்டிக்கோ எடுக்கும் படத்தில் அதன் நிற்கும் அழகைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒட்டுதலைக் காட்டும் படத்தில் அந்தச் சலசலப்பு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. அருகில் நிற்பவரிடமிருந்து குதிரையின் கவனத்தைப் பிடுங்கி உங்களிடம் கொண்டுவருகிறது. அந்த நொடியில் ஷட்டரை அழுத்தினால், இருவரும் பிரிந்த கணத்தைத்தான் பதிவு செய்கிறீர்கள்.

நான் செய்வது வேறு. குதிரையின் ஆளைப் பேசச் சொல்வேன். தினமும் அதனிடம் எப்படிப் பேசுவாரோ அப்படி. முதலில் கூச்சப்படுவார்கள். கேமராவைக் கீழே இறக்கிவிட்டு நான் வேறெங்கோ பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு தானாக வரும், காதும் திரும்பும்.

ஜனவரி 7, பிற்பகல்

"காது பின்னால் போனால் கோபம்தானே?" என்று கேட்டவருக்கு: கோபத்தில் காது கழுத்தோடு ஒட்டிப் படியும். கூடவே மூக்கு சுருங்கும், முகம் நீளும். கேட்பதற்காகப் பின்னால் திரும்பும் காது தளர்வாக இருக்கும், உட்குழிவு பக்கவாட்டிலோ பின்னாலோ தெரியும். மேலே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது குதிரையின் காது பின்னால் திரும்புவது பெரும்பாலும் அவரைக் கேட்பதற்குத்தான். அந்தப் படங்களை "காது சரியில்லை" என்று தூக்கிப் போடாதீர்கள்.

2015-இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரையின் முக அசைவுகளைத் தசைவாரியாகப் பிரித்து 17 என்று பட்டியலிட்டார்கள். மனிதனுக்கு 27, நாய்க்கு 16. நாயின் முகத்தைப் படிக்கத் தெரிந்த நாம் குதிரையின் முகத்தை ஒரே மாதிரி என்று கடந்து போகிறோம். அந்த முகமும் நாயின் முகம் அளவுக்குப் பேசுகிறது.

ஜனவரி 10

ஒருவர் கேட்டிருந்தார்: "என் மனைவியிடம் சாதுவாக நிற்கிற குதிரை, நான் கேமராவோடு போனால் மட்டும் நெளிகிறது. கேமராவைப் பார்த்துப் பயப்படுகிறதா?"

கேமராவைவிட உங்களைப் பார்த்துத்தான் நெளிகிறது என்று நினைக்கிறேன். இதற்கு ஒரு பழைய கதை உண்டு, படமெடுப்பவர்கள் எல்லாருக்கும் உதவும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. அதை வைத்திருந்தவர் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன். கூட்டல், கழித்தல் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். ஏமாற்று வேலை என்று பலர் சந்தேகப்பட்டார்கள், ஆனால் உரிமையாளர் இல்லாமல் வேறு யார் கேட்டாலும் அது சரியாகத் தட்டியது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் முடிச்சை அவிழ்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபடி செய்தாலும் தெரியவில்லை. விடை நெருங்க நெருங்க மனிதரின் உடலில் ஓர் இறுக்கம் ஏறுகிறது, சரியான எண் வந்ததும் தலை மிகச் சிறிதாக நிமிர்கிறது. அந்த அசைவைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. அப்படி அசைகிறோம் என்பதே கேட்டவர்களுக்குத் தெரியாது.

இதைப் பலர் "குதிரைக்குக் கணக்குத் தெரியாது" என்ற முடிவோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிதில்லை. ஒரு மனிதர் தனக்கே தெரியாமல் செய்யும் அசைவை எதிரே நிற்கும் மிருகம் படித்துவிடுகிறதே, அதுதான் பெரிது. நல்ல படத்துக்காக நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோளை உயர்த்தி, ஒற்றைக் காலில் எடையைப் போட்டுக் காத்திருக்கிறீர்கள். புல்வெளியில் மேயும் மிருகத்துக்கு இப்படி உறைந்து நின்று உற்றுப் பார்ப்பது எந்த மாதிரிப் பிராணி?

அதனால் போனவுடன் எடுக்காதீர்கள். கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நடங்கள், பேசுங்கள், மூச்சை விடுங்கள். கேமராவின் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், காற்றில் ஆடும் வார்தான் பல குதிரைகளை மிரட்டுகிறது. ஆள் கயிற்றைப் பிடித்திருக்கும்போது கேமராவை அது முகர்ந்து பார்க்கட்டும். லென்ஸில் சளி ஒட்டும், துடைத்தால் போய்விடும்.

ஜனவரி 11

லென்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக.

அகலக்கோண லென்ஸோடு அருகில் போனால் குதிரையின் மூக்கு பூசணிக்காய் ஆகிவிடும், உடல் பின்னால் சுருங்கிவிடும். 85 மி.மீ.க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், இடமிருந்தால் 135 அல்லது 200. தள்ளி நிற்பதில் இன்னொரு நன்மை, அவர்கள் இருவரும் உங்களை மறப்பார்கள்.

கேமரா குதிரையின் தோள் உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் கால் குட்டையாகும்.

குதிரையின் கண்ணும் ஆளின் கண்ணும் இரண்டுமே துல்லியமாக வர வேண்டும். லென்ஸின் துளையை எஃப் 1.8 என்று அகலத் திறந்துவிட்டு ஒரு கண்ணை மட்டும் பிடிப்பது இந்த வகைப் படத்துக்குப் பொருந்தாது, ஒருவரை மங்கலாக்கிவிட்டு ஒட்டுதலை எங்கே தேடுவது? எஃப் 4 அல்லது 5.6 வையுங்கள், இருவரும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் வருமாறு பக்கவாட்டில் நகருங்கள். ஷட்டர் வேகம் நிற்கும் குதிரைக்கு 1/250 நொடிக்குக் குறையக் கூடாது, காது சட்டென்று ஆடும். ஓட்டத்துக்கு 1/1000.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் லாயத்துக்குள் நல்ல துணை. ஆனால் ஓடும்போது சில கேமராக்களில் கால் வளைந்து வரும், அப்போது மாற்றிவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். குதிரையின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது, படத்தில் கண் பளபளவென்று எரியும். இருட்டு லாயத்தில் திடீர் வெளிச்சம் அதற்கும் தொல்லை. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, உயர்த்துங்கள், படம் கொஞ்சம் மணல் மணலாக வந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஜனவரி 11, இரவு

கறுப்புக் குதிரை சாம்பலாக வருகிறது என்றவருக்கு: படம் முழுக்கக் கறுப்பு நிறைந்தால் கேமரா வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) அரை முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். வெள்ளைக் குதிரைக்கு எதிர்ப்பக்கம். நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ள கறுப்புக் குதிரை என்றால் நேர் வெயிலில் எடுக்கவே எடுக்காதீர்கள், நிழலோரம் போங்கள்.

உடை நிறம் பற்றியும் கேட்டிருந்தார்கள். குதிரைக்கு நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. ஆகவே நிறம் பார்ப்பவருக்காக மட்டுமே. துணி படபடக்காமல் இருப்பதுதான் குதிரைக்காக.

ஜனவரி 15

வேறு பக்கம் போகிறேன், மன்னிக்கவும், ஆனால் இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

குதிரையைப் புகைப்படம் எடுத்த வரலாற்றில் எல்லாரும் சொல்வது 1878. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பந்தயக் குதிரைகள் ஓடும் பாதையோரம் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கேமராக்களை வரிசையாக அடுக்கினார். பாதைக்குக் குறுக்கே கம்பிகள், குதிரை ஓடும்போது ஒவ்வொரு கம்பியும் ஒரு ஷட்டரை இழுத்தது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் நான்கு குளம்புகளும் தரையில் இல்லை என்பது உறுதியானது. அதுவரை ஓவியர்கள் முன்கால்கள் முன்னாலும் பின்கால்கள் பின்னாலும் விரிந்து பறப்பதாக வரைந்து வந்தார்கள். உண்மையில் கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கிக் கூடும்போதுதான் குதிரை அந்தரத்தில் இருக்கிறது.

சாலி கார்ட்னர் என்ற பெண் குதிரையின் அந்த வரிசைப் படங்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எல்லாரும் கால்களைத்தான் பார்க்கிறார்கள். கேள்வியே கால்களைப் பற்றியது என்பதால் நியாயம்தான். ஆனால் அதன் மேல் ஒரு மனிதர் இருக்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் குதிரையின் அசைவோடு சேர்ந்து குனிந்தபடி இருக்கிறார். குதிரை தரையை விட்ட அந்தக் கணத்தில் அவரும் தரையில் இல்லை. அந்தப் படங்களில் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் ஒற்றைப் படத்துக்காகவே அலைகிறோம். குதிரைக்கும் ஆளுக்கும் இடையில் நடப்பது பெரும்பாலும் ஒரு படத்துக்குள் அடங்காது. ஆள் கையை நீட்டுகிறார், குதிரை யோசிக்கிறது, பிறகு தலையைத் தாழ்த்துகிறது. இந்த மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் நடுவில் உள்ள யோசனைதான் உயிர். தாழ்த்திய தலையை மட்டும் வைத்தால் அது கட்டளைக்குப் பணிந்ததா, தானாக வந்ததா என்று யாருக்கும் தெரியாது.

ஜனவரி 19

கயிறு விவகாரம். இதை யாராவது கிளப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"கழுத்துக் கயிற்றையும் தலைக்கயிற்றையும் எடிட்டிங்கில் அழித்துவிட்டால் படம் சுத்தமாக இருக்கிறது. எல்லாரும் செய்கிறார்கள். பாதுகாப்புக்காகக் கட்டியிருந்தோம், பிறகு நீக்கினோம், இதில் என்ன தப்பு?"

பின்னணியில் ஒரு மின்கம்பத்தை அழிப்பதும் இதுவும் ஒன்றல்ல. கயிறில்லாத குதிரை ஒருவரின் அருகில் நிற்கிறது என்றால் அது போகலாம், போகவில்லை என்று அர்த்தம். பார்ப்பவர் நெகிழ்வது அந்த ஒரு விஷயத்துக்காக. கயிற்றை அழித்தால் அதே விஷயத்தை இட்டுக்கட்டுகிறீர்கள். விளம்பரத்துக்கோ காலண்டருக்கோ என்றால் எனக்கு வழக்கில்லை. "எங்களுக்குள் இருக்கும் பந்தம்" என்று எழுதிப் போடும்போது எனக்கு உறுத்துகிறது.

ஜனவரி 20

இதற்கு ஒருவர் எழுதிய பதிலை இரவெல்லாம் யோசித்தேன். அவர் சொல்வது: "வேலி இல்லாத இடத்தில் கயிறில்லாமல் குதிரையை விடுவது பொறுப்பற்ற செயல். சாலைக்கு ஓடினால் யார் பதில் சொல்வது? நீங்கள் கயிற்றை இகழ்ந்தால், புதியவர்கள் படத்துக்காகக் கயிற்றை அவிழ்ப்பார்கள்."

மிகச் சரியான கவலை. கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வேலியடைத்த இடத்துக்கு வெளியே கயிறு இருந்தே தீர வேண்டும். நேற்று எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்: கயிறு இருக்கட்டும், அதைக் காட்டுங்கள். தொய்ந்து கிடக்கும் கயிற்றைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. குதிரைக்கும் கைக்கும் நடுவில் கயிறு வில்லாக வளைந்து தொங்குகிறது, குதிரை அப்படியே நிற்கிறது. இழுப்பே இல்லை என்பது யாருக்கும் விளக்காமலே புரியும். விறைத்த கயிறும் உண்மையைத்தான் சொல்லும். பயந்த குட்டியைப் பழக்கும் ஒருவர் விறைத்த கயிற்றை மெல்லத் தளர்த்தும் படங்கள் என்னிடம் உண்டு, அவற்றில் நடப்பதும் உறவுதான், இன்னும் உருவாகாத உறவு.

அழிக்கிறவர்கள் அழிக்கட்டும், கீழே ஒரு வரி எழுதிவிட்டால் எனக்குப் போதும்.

ஜனவரி 20, சற்றுப் பிறகு

கையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருப்பவரைக் கண்டால் படமெடுப்பதை நிறுத்திவிட்டு முதலில் அவிழ்க்கச் சொல்லுங்கள். குதிரை மிரண்டு ஓடினால் விரல் போய்விடும். மடித்துப் பிடிக்க வேண்டும், சுற்றக் கூடாது.

ஜனவரி 27

எங்கே தேடுவது என்று பலர் கேட்கிறீர்கள். மாலை வெயிலிலும் புல்வெளியிலும் தேடாதீர்கள் என்பதே என் பதில். வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள்.

லாடம் அடிக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வந்தால் ஓடுவதுதான் குதிரையின் ஒரே பெரிய ஆயுதம். ஒரு காலை மனிதரின் மடியில் கொடுத்துவிட்டு மூன்று காலில் நிற்கும் குதிரை, அந்த ஆயுதத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கிறது. சுத்தியல் சத்தம், சுட்ட குளம்பின் புகை, இத்தனைக்கும் நடுவில் சில குதிரைகள் உதடு தொங்க அரைத்தூக்கத்தில் நிற்கும். தலைப்பக்கம் நிற்பவரின் தோளில் தாடையை வைத்துக்கொள்ளும். யாரும் கேமராவுக்காக எதுவும் செய்யவில்லை, எல்லாருக்கும் கை நிறைய வேலை. எனக்குப் பிடித்த பல படங்கள் அங்கேதான் கிடைத்தன. அழுக்கு உடை, பின்னணியில் வாளி, சுவரில் ஆணிகள். அவற்றை ஒதுக்க முயலாதீர்கள்.

அடுத்தது, தேய்த்துவிடும் நேரம். பிடரி முடிந்து தோள் தொடங்கும் மேட்டைக் கவனியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அங்கே மனிதக் கை கோதிவிட்டாலும் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடலின் வேறு இடத்தில் கோதினால் அப்படிக் குறைவதில்லை என்று 1993-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சரியான இடத்தில் கை பட்டால் மேலுதடு நீண்டு துடிக்கும், கழுத்து நீளும், கண் பாதி மூடும். சில குதிரைகள் திரும்பி ஆளின் தோளைத் தாமும் கோத ஆரம்பிக்கும். அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. எடுங்கள், அழகாக இல்லை என்று அழித்துவிடாதீர்கள். உதட்டைக் கோணிய குதிரையும் சிரிக்கும் ஆளும் சேர்ந்த படத்தைவிட நிறைவான படம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

கழுத்தைத் தட்டிக்கொடுப்பது இதைவிடப் பிரபலம். பலரும் பளார் பளாரென்று தட்டுகிறார்கள். குதிரைகள் தங்களுக்குள் தட்டிக்கொள்வதில்லை. தட்டும் படங்களில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள், பல சமயம் இமை சுருங்கியிருக்கும்.

பிப்ரவரி 2

"நம் முகத்தை அது கவனிக்கிறதா, அல்லது தீவனப் பையை மட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது.

புகைப்படத்தை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான சசெக்ஸ் ஆய்வில் கோபமான மனித முகத்தின் படத்தையும் சிரித்த முகத்தின் படத்தையும் குதிரைகளிடம் காட்டினார்கள். கோப முகத்தை அவை இடது கண்ணால் பார்க்கத் தலையைத் திருப்பின, இதயத் துடிப்பும் வேகமாக ஏறியது. ஆபத்தானதை இடது கண்ணால் பார்க்கும் போக்கு பல விலங்குகளில் உண்டு. 2018-இல் அடுத்த படி: காலையில் ஒருவரின் கோப முகப் படத்தைப் பார்த்த குதிரை, சில மணி நேரம் கழித்து அதே ஆள் எந்த உணர்ச்சியும் காட்டாமல் நேரில் வந்தபோதும் எச்சரிக்கையாக இருந்தது. வந்தவருக்குத் தன் எந்தப் படத்தைக் குதிரை பார்த்தது என்று தெரியாது.

இதில் நமக்கு இரண்டு விஷயம். தீவனம் முக்கியம்தான், ஆனால் முகத்தையும் அது படிக்கிறது, நினைவிலும் வைக்கிறது. மற்றது, படப்பிடிப்பில் "இப்படி நில், அப்படித் திரும்பு" என்று எரிச்சலோடு அதட்டும் ஆளின் முகம் அந்தக் குதிரையிடம் பதிவாகிறது. அடுத்த முறை நீங்கள் வரும்போது அதையும் சேர்த்துத்தான் வரவேற்கும்.

பிப்ரவரி 3

கை நிறையத் தீவனத்தோடு எடுப்பது பற்றி: எப்போதாவது ஒரு வாய் கொடுப்பதில் தவறில்லை. முழுப் படப்பிடிப்பும் அதை வைத்தே நடந்தால், குதிரை கையையும் சட்டைப்பையையும் மட்டுமே தேடும். எல்லாப் படத்திலும் தலை இடுப்பளவில் இருக்கும். கடைசியில் கொடுங்கள்.

பிப்ரவரி 11

படுத்திருக்கும் குதிரையின் மேல் ஒரு பெண் சாய்ந்திருக்கும் படம் ஒன்று இங்கே பகிரப்பட்டு, அதுதான் நம்பிக்கையின் உச்சம் என்று பேச்சு வந்தது.

குதிரை நின்றபடியே அரைத்தூக்கம் போடும், கால் மூட்டுகள் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் படுத்தாக வேண்டும். பாதுகாப்பு என்று தோன்றாவிட்டால் படுக்காது. ஆகவே தானாகப் படுத்த குதிரை, அதன் ஆள் வந்து அருகில் உட்கார்ந்தும் எழாமல் கிடப்பது அபூர்வமான விஷயம். கிடைத்தால் தூரத்திலிருந்து எடுங்கள், கிட்டே போய் எழுப்பாதீர்கள்.

ஆனால் படுக்கப் பழக்கிய குதிரைகளும் உண்டு. முன்காலைக் கட்டி, சோர்ந்து படுக்கும்வரை விடாமல் பழக்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் படத்தில் ஒரே மாதிரி வரும். நாம் பார்த்த படம் எந்த வகை என்று என்னால் சொல்ல முடியாது. எடுத்தவர் சொல்லலாம். யார் படுக்க வைத்தது என்று கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது படத்தைப் பற்றிய கேள்வி.

பிப்ரவரி 18

இதை எழுதலாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒருவர் தனிமடலில் கேட்டார், அவர் அனுமதியோடு பதிலை இங்கே வைக்கிறேன். வயதான குதிரை, குணமாகாத குளம்பு நோய், விடைகொடுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் படம் எடுக்க வேண்டும்.

இப்படி அழைப்பு வரும்போது நான் முதலில் கேட்பது, குதிரை எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதுதான். குளிப்பாட்டி, சேணம் பூட்டி, பழைய மேய்ச்சல் நிலம்வரை நடத்திப் போய் எடுக்கலாம் என்று அன்பினால் திட்டம் போடுகிறார்கள். வலியில் இருக்கும் குதிரைக்கு அது கொடுமை. 2014-இல் குதிரையின் வலியை முகத்தில் அளக்க ஓர் அளவுகோல் வந்தது: விறைத்துப் பின்னால் சாய்ந்த காது, கண்ணுக்கு மேல் எலும்பு துருத்தும் இறுக்கம், சுருங்கிய இமை, புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் மோவாயும், நெருக்கிய மூக்குத் துவாரம். லென்ஸ் வழியே இவற்றைப் பார்த்தால் கேமராவை இறக்குங்கள். மருத்துவர் கொடுத்த வலி மருந்து வேலை செய்யும் நேரம் எது என்று கேட்டு அப்போது போங்கள்.

நான் ஒருமுறை லாயக் கதவருகிலேயே எடுத்தேன். தினமும் அந்த அம்மா வாளியோடு வந்து நிற்கும் இடம். அவர் வாளியை வைத்தார், குதிரை முகம் போட்டது, அவர் வழக்கம்போல் பிடரி மயிரில் விரலால் சிக்கெடுத்தார். அவ்வளவுதான். அழ வேண்டாம் என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தவர், சிக்கெடுக்கும்போது கட்டுப்பாடு தேவைப்படாமல் வேலையில் இறங்கிவிட்டார். அந்தப் படங்களை அவர் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறார். கையை எடுங்கள், பிடரியை எடுங்கள், தழும்பை எடுங்கள், கண்ணோரத்து நரையை எடுங்கள். பிறகு அவர்கள் தேடப்போவது இவற்றைத்தான். கடைசி நேரத்தை எடுக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். இது என் முடிவு, மற்றவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

பிப்ரவரி 19

நேற்றைய பதிவுக்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் படித்தேன். தங்கள் குதிரைகளைப் பற்றி எழுதியவர்களுக்கு நன்றி.

நிறைய பேர் சொன்ன ஒன்றை இங்கே எடுத்து வைக்கிறேன்: நல்ல படம் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் எப்போதும் நானே கேமராவுக்குப் பின்னால் இருந்தேன் என்று. குதிரை வைத்திருக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும். அடுத்த வாரம் லாயத்துக்கு யாராவது வந்தால் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். படம் கோணலாக வரட்டும்.

பிப்ரவரி 26

குழந்தைகளும் குதிரைகளும் பற்றிக் கடைசியாக வந்த கேள்வி. "என் மகளைக் குதிரையின் முன்காலடியில் உட்கார வைத்து, அது குனிந்து முகரும்போது எடுக்கலாமா?"

வேண்டாம். எத்தனை சாதுவான குதிரையானாலும் ஈ கடித்தால் காலை உதறும். மூக்குக்கு நேர் கீழே இருப்பதும் அதற்குச் சரியாகத் தெரியாது. குழந்தை நிற்கட்டும், குதிரையின் தோளுக்கு ஓரமாக, குதிரையின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில். குதிரையை அறிந்த பெரியவர் ஒருவர் கயிற்றோடு அதே பக்கம் நிற்கட்டும், அவர் படத்துக்குள் வந்தால் வரட்டும். ஏறியிருந்தால் தலைக்கவசம் இருக்க வேண்டும், படத்துக்காகக் கழற்றக் கூடாது.

அப்புறம் கொஞ்சம் காத்திருங்கள். குழந்தை கேமராவை மறந்து எதையாவது சொல்ல ஆரம்பிக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் இதில் வேகம், குதிரையிடம் பேசக் கூச்சமே கிடையாது. நீங்கள் எடுத்ததும் தொடர் படங்களாகவே இங்கே போடுங்கள், ஓரம் வெட்டாமல். எந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.